நிழலில் பச்சை, வெயிலில் வெள்ளை

12 ஆகஸ்ட் 98, புதன்

வெயில் கொளுத்துகிறது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எம்.ஃபில். பாசி ஆய்வுக்காக ஓடையில் போட்ட ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தேன். புங்கந்தோப்பு நிழலிலும், அதற்குக் கீழே வெட்டவெளியிலும், இரண்டிலும் பாசி நன்றாகப் படிந்திருக்கிறது.

தோப்புக்கு மேலே எங்கள் வயல். அண்ணன் வரப்புப் புல்லுக்குக் களை மருந்து அடித்துவிட்டு, மிச்சத்தை ஓடையிலேயே கொட்டி டேங்கைக் கழுவினான். கத்தினேன்.

"ஓடுற தண்ணிடி. இன்னா ஆயிடும்?"

கோபத்தில் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: ஃபில்டர் பேப்பர், பேட்டரி, ஷாம்பு.

14, வெள்ளி

கீழே இருப்பவர்களின் நாற்றங்கால் கருகிவிட்டது. ஓடைத் தண்ணீர் பாய்ச்சியதுதான். கும்பலாக ஓடையோரம் மேலே ஏறி வந்தார்கள். வெட்டவெளியில் பாசி முழுக்க வெள்ளை. தோப்புக்குள் பச்சை. தோப்பு முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில் ஏழுமலையின் வயல்.

"மேல பாருங்க, பச்சையா இருக்குது. அங்க மருந்தே இல்ல. இவன்தான் கலந்துட்டான்."

சொன்னது அண்ணன். முதல் அடியும் அவன்தான். மண்வெட்டிக் காம்பால், முகத்தில்.

"சத்தியமா நான் மருந்து அடிக்கலங்க" என்றார் ஏழுமலை. விழுந்த பிறகும் மிதித்தார்கள். அவர் மனைவி செல்வி குறுக்கே விழுந்தாள். அவள் முதுகிலும் மிதி. நிறுத்துங்க என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தி.மலை ஜி.எச்.சுக்கு டெம்போவில் தூக்கிப் போனார்கள். கண்ணிலிருந்து ரத்தம்.

அண்ணன் கொட்டியதை நான் பார்த்தேன். ஆனால் தோப்பில் ஏன் பச்சை?

15, சனி

கொடியேற்றம், மிட்டாய். லீவு.

மொட்டை மாடியில் மூன்று தட்டு. தோப்புப் பாசிதான் மூன்றிலும். புதனன்று பாட்டிலில் பிடித்த தண்ணீரில் ஒன்று வெயிலில், ஒன்று தொட்டி நிழலில். மூன்றாவது கிணற்றுத் தண்ணீரில், வெயிலில். சாயங்காலம் பார்த்தால் முதல் தட்டு மட்டும் வெள்ளை. மற்ற இரண்டும் பச்சை.

வெயில் சேர்ந்தால்தான் இந்த மருந்து பாசியைக் கொல்கிறது. நிழலில் அதே விஷம் சும்மா கடந்து போயிருக்கிறது. தோப்பு வழியாக. எங்கள் வயலிலிருந்து.

அண்ணனிடம் காட்டினேன். தட்டுகளைச் சுவரில் அடித்து உடைத்தான். பிறகு முடியைப் பிடித்து என்னையும் அதே சுவரில். உதடு கிழிந்தது.

"வாயத் தொறந்த, அவனுக்கு ஆனது உனக்கும் ஆவும்."

அம்மா ரசம் வேண்டுமா என்று கேட்டாள். அவனை.

அவனைக் கொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

16, ஞாயிறு

மேகமூட்டம். ஜி.எச். வராண்டாவில் செல்வி. ஏழுமலைக்கு வலது கண் போய்விட்டது.

"அக்கா, மருந்து எங்க அண்ணன் கொட்டுனது. நான் பாத்தேன்."

செருப்பைக் கழற்றி அடித்தாள். நகரவில்லை நான். காயம் மறுபடி பிளந்துகொண்டது.

"அன்னிக்கு இன்னாடி பண்ணிட்டிருந்த?"

"தோப்புல பச்சையா இருந்துச்சுக்கா. எனக்கே கொழப்பம்."

"பாசியப் பாத்தியே, என் புருஷன் மூஞ்சியப் பாத்தியா?"

என் மணிக்கட்டைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனாள். எல்லாம் சொன்னேன். ஜீப் எங்கள் வீட்டுக்குக் கிளம்பியது. இனி அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. அவளோடு ஜி.எச்.சுக்கே திரும்பினேன்.

"இங்கயே கிட" என்று பாயைக் காலால் தள்ளிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.