முதல் புள்ளி வரைக்கும்

இன்று காலை சீருடைப் பைக்குள் கையை விட்டபோது உன் மூக்குக்கண்ணாடி தட்டுப்பட்டது. ஒரு காதுத்தண்டில் நீ சுற்றிய ரப்பர் பேண்ட் அப்படியே இருக்கிறது. நம் சலவைக்கூடத்துச் சோப்பு வாடை அதில் ஏறிப்போயிருக்கிறது. இரண்டு பொம்பளைகளுக்கு ஒரே கண்ணாடியா என்று சிரிக்காத ஆள் இந்த ஹோட்டலில் உண்டா? நீ நோயில் படுத்தபோது, "நீயே வெச்சிக்கடி, வீட்ல எனக்கு என்னா படிக்க இருக்கு" என்று கொடுத்துவிட்டாய். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இன்று காலை வரைக்கும் ஒரு நாளாவது எடுத்துப் போட்டேனா? இல்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். நீ படிவம் மூன்று வரை போனாய், நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். ஈப்போவுக்கு வந்து ஒரே இடத்தில் படுக்கை விரிப்பு துவைத்தோம். சீன மேனேஜர், நேப்பாளத்துப் பிள்ளைகள், நாம் எல்லாரும் இருக்கிற வாட்சாப் குழுவில் எது வந்தாலும் இங்கிலீஷ்தான். நீ படித்துச் சொல்வாய். நான் கட்டைவிரல் படத்தை அமுக்கிவிட்டு மெஷினைப் பார்க்கப் போவேன். என் இங்கிலீஷ் அந்தக் கட்டைவிரலோடு சரி.

நீ என்னைச் சும்மா விட்டவளா? தேத்தண்ணி நேரத்தில் போனை என் மூஞ்சிக்கு நேரே பிடிப்பாய்.

"முழுசா பாக்காதடி, பயமா இருக்கும். பெரிய எழுத்துல ஆரம்பிக்குதா? மொத புள்ளி வரைக்கும் போ. யாரு? என்னா செஞ்சாங்க? அவ்வளவுதான்."

"நடுவுல வாலு போட்டு ஒண்ணு இருக்கே?"

"அது கமா. பஸ்ஸு மெதுவாத்தான் போவுது, எறங்கிடாத. புள்ளி வந்தாத்தான் ஸ்டாப்பு."

எனக்கு எரிச்சலாக வரும். "இந்த வயசுல எனக்கு எதுக்கு? அதான் நீ இருக்கல்ல?" என்பேன். நீ கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிடுவாய். "ஒரு மரத்துக்குப் பால் புடிக்க ஒரு மங்கு கட்டுனோமா இல்லியா? ஒரு புள்ளிக்கு ஒரு சேதி. பால் வெட்டுனவளுக்கு இது தெரியாதா?" என்பாய். நான் படிக்கிற மாதிரி வாயை அசைத்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பித் தந்துவிடுவேன். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அன்றைக்குக் காலையில் குழுவில் செய்தி வந்த சத்தம் கேட்டது. மேலே உன் பெயர். கீழே நீளமாக இங்கிலீஷ். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாடா, தேறிவிட்டாள், வேலைக்கு வரப்போவதாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடி என் பையில்தான் இருந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை அமுக்கினேன். முதல் பதில் என்னுடையதுதான்.

கொஞ்ச நேரத்தில் அயன் போடும் அண்ணன் ஓடிவந்தார். "தங்கச்சி, நீ இன்னும் சிலிபினுக்கு, உன் கூட்டாளி வீட்டுக்குப் போலியா?"

"எதுக்குண்ணே?"

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? செய்தியை உன் மகள்தான் உன் போனிலிருந்து அனுப்பியிருந்தாள். அம்மா இன்று காலை இறந்துவிட்டார் என்று முதல் புள்ளிக்குள்ளேயே இருந்தது. அதற்குத்தான் நான் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன்.

உன் வீட்டு வாசலில் எனக்குக் கால் கூசியது. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உன் மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான் ஆன்ட்டி. உங்களுக்குப் போன் போட்டு தமிழ்ல சொல்லியிருக்கணும்" என்றாள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. அவள் என்னை ஓங்கி அறைந்திருந்தால் தேவலை. வெட்கத்தில் எனக்கு அழுகைகூட ஒழுங்காக வரவில்லையடி.

அந்தக் கட்டைவிரலை அழித்துவிடச் சொன்னார் அண்ணன். ஊரே பார்த்த பிறகு அழித்து என்ன? கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்குத் தேத்தண்ணி நேரத்தில் உன் பெயரில் மறுபடியும் ஒரு செய்தி வந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டேன். பெரிய எழுத்தைத் தேடினேன். ஒரு கமா வந்தது, இறங்கவில்லை. முதல் புள்ளியில் நின்று, யாரு, என்னா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். அம்மாவின் பதினாறாம் நாள் காரியம், ஞாயிற்றுக்கிழமை. அடுத்த புள்ளி வரைக்கும் போனேன். எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. அந்த இரண்டு வரிக்கே என் நேரம் முழுசும் போய்விட்டது.

அப்போதே போனும் வந்தது. உன் மகள்தான். "ஆன்ட்டி, குழுவுல ஒண்ணு போட்டிருக்கேன், உங்களுக்குத் தமிழ்ல சொல்லிடலாம்னு..."

"வேணாம்மா. படிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு குழுவில் பதில் எழுதினேன். யாரு? நான். என்னா செய்வேன்? வருவேன். 'ஐ வில் கம்.' பெரிய எழுத்தில் தொடங்கிப் புள்ளி வைத்து முடித்தேன். அனுப்புவதற்கு முன்னால், சரியா என்று கேட்க, தேத்தண்ணி நேரத்தில் நீ எப்போதும் உட்காரும் நாற்காலிப் பக்கம் போனை நீட்டிவிட்டேன்.