கோயிலா தேவாலயமா

செவ்வாய், இரவு.

யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில், பெருமாநல்லூரில் இருக்கும் எங்கள் சர்ச்சுக்குக் 'கோயில்' என்றே பெயர் போட்டேன். நான் பிறந்து வளர்ந்த தூத்துக்குடிப் பக்கம் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம். முகம் தெரியாத உள்ளூர்க்காரர் ஒருவர் பத்து நாளாக அதைத் 'தேவாலயம்' ஆக்குகிறார். கூடவே ஒரு குறிப்பு: "தப்பா நினைச்சுக்காதீங்க. கோயில்னு போட்டா வெளியூர்க்காரங்க தேங்கா பழத்தோட வந்து நிப்பாங்கல்லங்க." நானும் விடாமல் திருப்பி மாற்றுவேன்.

இன்று காலை எழுதியிருந்தார்: "ஊட்டுல விசேசமுங்க. நாளைக்கு வந்து மாத்திக்கறனுங்க."

பகல் முழுக்க என் கோயில் அசையாமல் நின்றது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு நடுவே நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். ஜெயித்த மாதிரியே இல்லை, சப்பென்று இருந்தது.

இப்போது நானே 'தேவாலயம்' என்று மாற்றி வைத்துவிட்டேன். நாளைக்கு வந்து அந்த மனுஷன் எதை மாற்றுகிறார் என்று பார்க்கிறேன்.