மேல் அருவிக்குப் போன ஞாயிறு

ஜனவரி 2, வெள்ளி

காலை எட்டு மணி வரை பனி. தறியில் பாவு நூல் ஈரம் குடித்துக்கொண்டு இழை இழையாக ஒட்டுகிறது. வேலை நகரவே இல்லை.

நித்யா ஏனாத்தூர் கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தப் பாரத்தை மறுபடி எடுத்து நீட்டினாள். மே மாதம் இமயமலையில் மலையேற்றப் பயிற்சி, இருபத்தாறு நாள். கல்லூரியிலிருந்து நாலே பேர், அதில் இவள் ஒருத்தி. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் போகலாம்.

இவர் தறிக்குழியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "அதெல்லாம் வாணாம்மா." போன வாரமும் இதேதான். ஏன் என்று கேட்டால் தறி மிதியை இன்னும் வேகமாக மிதிக்கிறார்.

"அப்பா, ஒரே ஒரு நாள் எங்கூட மலைக்கு வா. வந்து பாத்துட்டு வாணாம்னு சொல்லு. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

"சரி."

நித்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை.

ஜன. 3, சனி

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

எடுத்துப்போக: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். தண்ணீர் ஆறு பாட்டில். துண்டு 4. மாற்றுத் துணி. காயத்துக்கு பிளாஸ்திரி. போன் போட்டுவைக்க பிளாஸ்டிக் கவர். தைலம்.

புளிசாதம் மல்லிகா அண்ணி கொண்டுவருகிறார். இவருடைய அக்கா, அடுத்த தெரு. விஷயம் கேட்டதும் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். "மலையெல்லாம் நான் ஏறமாட்டேன்பா. தண்ணில கால உட்டுகினு குந்திகினு இருப்பேன், அவ்ளோதான்."

புடவை கட்டிக்கொண்டு பாறை ஏற முடியாதாம். நித்யாவின் பழைய சுடிதாரை இடுப்பில் பிரித்துத் தைத்துக்கொண்டேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. யாரோ மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

சாயங்காலத்திலிருந்து பையை நாலு தடவை பிரித்துப் பிரித்துக் கட்டினேன். நாற்பத்திரண்டு வயதில்.

ஜன. 4, ஞாயிறு

வந்து குளித்து, உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதே எழுதாவிட்டால் நாளைக்குப் பாதி போய்விடும்.

விடியற்காலை 4.30க்கு வண்டி. திருவள்ளூர், ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா. நாகலாபுரம் மலை. அடிவாரத்தில் இறங்கும்போது பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. மலை முழுக்கப் பச்சை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட வந்தார், பெயர் சீனய்யா. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.

ஒரு மணி நேரம் நடை. ஓடையைக் குறுக்கே நாலு இடத்தில் தாண்டினோம். தண்ணீர் முழங்கால் வரை, அப்படி ஒரு குளிர்ச்சி. கூழாங்கல் வழுக்குகிறது. அண்ணி ஒவ்வொரு தடவையும் "முருகா முருகா" என்று கத்திக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டார். தாண்டிய உடனே சிரிப்பு. இவர் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று போனார். தினம் மிதி மிதிக்கிற கால் அல்லவா!

முதல் குளம். கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் மீன் தெரிகிறது. அண்ணி காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்துக்கொண்டார், குரங்கு சுற்றிச் சுற்றி வந்ததால். "என் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன், நீங்க போங்கபா."

அருவி மேலே. சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்கு ஒரு பாறை ஏற வேண்டும். மூன்று ஆள் உயரம் இருக்கும். செங்குத்து இல்லை, சரிவுதான். சீனய்யா முதலில், பின்னால் நான், அப்புறம் இவர், கடைசியில் நித்யா.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வைத்தேன். பாறை சொரசொரவென்று காலைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிளவில் விரல், ஒரு மேட்டில் கால். அடுத்தது எங்கே என்று கண் தானாகத் தேடுகிறது. எனக்கு இது தெரிந்திருந்தது! யாரும் சொல்லிக்கொடுக்காமலே. "மெல்லகா அம்மா, மெல்லகா" என்கிறார் சீனய்யா. நான் எங்கே கேட்டேன்.

மேலே போய்த் திரும்பினால், இவர் நடுவில் நிற்கிறார். ஒட்டிக்கொண்டு நிற்கிறார். கன்னம் பாறையில். இரண்டு கையும் இறுகி, விரல் முட்டியெல்லாம் வெளுத்து. அந்தக் குளிரில் கழுத்தில் வியர்வை ஓடுகிறது.

"இன்னாங்க?"

கன்னத்தை இன்னும் பாறையில் அழுத்தினார்.

"அப்பா?"

"முடியலம்மா." குரலே இவர் குரல் மாதிரி இல்லை. "மேலயும் முடியல, கீழயும் முடியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தோரு வருஷமாக மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நான்தான் கழுவுகிறேன். மாடியில் நின்று தேர் பார்க்கிறபோது இவர் சுவரோரம் வரவே மாட்டார். சோம்பல் என்று நினைத்திருந்தேனே!

நித்யா பதறவில்லை. அவர் காலுக்குக் கீழே வந்து, பாறையில் நன்றாகச் சாய்ந்து நின்றுகொண்டாள். சீனய்யாவும் பக்கவாட்டில் இறங்கிப்போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கீழ பாக்காத. பாறையப் பாரு. உன் எடது கால் என் கைல இருக்குது. தெரியுதா?"

"ம்."

"அத மட்டும் எறக்கு. அரை அடிதான். நான் வச்சிடறேன்."

அவர் பாதத்தைக் கையில் பிடித்து ஒரு பிளவில் வைத்தாள். அப்புறம் வலது. அப்புறம் இடது. பத்து நிமிடமோ, அரை மணியோ. நான் மேலே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்தார். முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு நித்யாவிடம் சொன்னார், எனக்கும் கேட்டது:

"பயம் எனக்குத்தாம்மா. நீ அந்தப் பாரத்த நீட்டும்போதெல்லாம் நானே மேலேந்து உழுவுற மாரி இருக்கும். அதான் வாணாம்னேன். உனக்கு வராதுன்னு இல்ல."

நித்யா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

நான் இறங்கப் பார்த்தேன். இவர் கையை ஆட்டினார். "செல்வி, நீ போ. போயி பாத்துட்டு வா. இவ்ளோ தூரம் வந்துட்டு."

போனேன். சீனய்யா மறுபடி ஏறி வந்தார். இன்னும் இரண்டு பாறை, ஒரு மரவேர், ஒரு திருப்பம்.

அருவி.

எப்படி எழுதுவது? பெரிய அருவிகூட இல்லை. ஆனால் அங்கே வேறு யாருமே இல்லை. நேராகப் போய் அடியில் நின்றேன். தலையில் தண்ணீர் அடி அடி என்று அடிக்கிறது, காது அடைத்துவிட்டது. கத்தினேன். வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து. எத்தனை தடவை என்று தெரியாது. சீனய்யா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நல்ல மனிதர்.

இறங்கி வந்து சாப்பிட்டோம். அத்தனை பசி. புளிசாதத்தில் ஒரு பருக்கை மீதமில்லை.

திரும்பும்போது வண்டியில் அண்ணியும் நித்யாவும் தூக்கம். இவர் மெதுவாகச் சொன்னார்: "நீ கத்துனது கீழ வரிக்கும் கேட்டுது. நித்யா பயந்துட்டா, அம்மா உழுந்துட்டான்னு. நான்தான் சொன்னேன், அது சந்தோஷத்துல கத்துறாம்மான்னு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜன. 5, திங்கள்

மேகமூட்டம். தொடை, முழங்கை, தோள், எல்லாம் வலி. உள்ளங்காலில் இரண்டு கீறல். வேலை ஓடியது, நன்றாகவே. நானும் இவரும் பாரத்தைப் பற்றிப் பேசவில்லை. நித்யாவும் கேட்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிறாள்.

அண்ணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டில்: "சுடிதார் போட்டுகினா போனே?" ஆமாம்.

ஜன. 7, புதன்

பனி குறைவு. பால்காரர் வரவில்லை.

இவர் நித்யாவிடம், பயிற்சியில் கட்டுகிற கயிறு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அவள் கல்லூரியிலிருந்து ஒரு முழம் வெட்டுத் துண்டு வாங்கிவந்தாள். சாயங்காலம் முழுக்க அதையே வைத்துக்கொண்டிருந்தார். நுனியைப் பிரித்தார். மேலே பின்னல் உறை, உள்ளே வெள்ளை இழை கற்றை கற்றையாக. எண்ணினார். முறுக்குப் பார்த்தார். காலில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

"நல்லா செஞ்சிருக்கான்" என்றார்.

பாரத்தை எடுத்து வரச்சொன்னார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "போன் பேச உடுவாங்களா?" "வாரத்துக்கு ஒரு தபா உடுவாங்கபா." "ம்." கையெழுத்துப் போட்டார். நித்யா அவரைக் கட்டிப்பிடித்த வேகத்தில் பேனா குழிக்குள் விழுந்தது.

அதைத் தேடி எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உங்கம்மா வயசு பொம்பளைங்களுக்கு இந்த மாரி எதுனா நடத்துறாங்களா?"

"நடத்துறாங்கபா! எங்க மேடமே நடத்துறாங்க. ரெண்டு நாள், பாறை ஏறுறது மட்டும். பிப்ரவரில."

என் பெயரை எழுதியாயிற்று. ஷூ கட்டாயமாம். நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும். என் கால் அளவு என்னவென்றே எனக்குத் தெரியாது.