எட்டு மில்லிமீட்டர்

மார்ச் 9, ஞாயிறு, மாலை 4.40. நீயும் அம்மாவும் ஊர் மாறிப் போய் 212 நாள். நீ என்னோடு போனில் பேசி 22 நாள்.

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் இருவரையும் அவர் சுகமாக வைத்திருக்கக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவுக்குப் புதுப் பள்ளிக்கூட வேலை பழகிவிட்டதாம், உனக்கு இருமல் விட்டதாம், எல்லாம் அம்மா சொல்லித்தான் தெரிகிறது. சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் கூப்பிட்டால் நீ குளிக்கிறாய், படிக்கிறாய், தூங்கிவிட்டாய். ஏழு மணிக்குத் தூங்குகிற ஆளா நீ? எனக்குச் சுற்றிவளைக்க வராது, கோபம் என் மேல்தான் என்று தெரியும், ஏன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

நம் சபையில் பாட்டு நடத்துவாரே பாட்டு அக்கா, விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து அவருக்குச் சக்கர நாற்காலிதான். ஐந்தாவது மாடியில் வீடு, அந்தக் கட்டட லிஃப்ட் என் பொறுப்பு. கீழே வந்து நிற்கும்போது லிஃப்ட் தரைக்குக் கொஞ்சம் தாழ நிற்கிறது என்று அவர் வீட்டுக்காரர், தையல்கார அண்ணன், மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும் போய் அளந்தேன், எட்டு மில்லிமீட்டர். விதிப்படி பத்து வரை இருக்கலாம். குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், பட்டறையில் அவருக்கு எட்டு மில்லி என்று பேரும் வைத்தேன். போன வாரம் தெருவில் அவரைப் பார்த்தபோது, இரண்டு பேரும் சபையை அப்படியே விட்டுவிட்டீர்களே என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க எங்க தம்பி விட்டோம், உங்க லிஃப்ட் விட்டாத்தானே" என்றார். வேலையையும் சபையையும் நான் அதுவரை சேர்த்து யோசிக்கவே இல்லை, பார். கூடவே போனேன். அக்காவை இறக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது, அந்த விளிம்பில் முட்டி நின்றது, அக்கா முன்னால் சரிந்தார், அண்ணன் பின்னால் இழுத்தார், மூன்றாவது தடவை ஏறியபோது அக்காவின் விரல் கதவில் உரசித் தோல் வழண்டுவிட்டது. நான் அளவு டேப்போடு நிற்கிறேன். அக்கா விரலைத் துடைத்துக்கொண்டே, "அளவு சரிதான் தம்பி, நீங்க ஒண்ணும் தப்பா எழுதல. ஆள் இல்லாத லிஃப்டை அளந்தீங்க, அவ்வளவுதான்" என்றார்.

நேற்று லீவு நாள், போய் பிரேக்கைச் சரிசெய்து, நிற்கும் இடத்தைக் காட்டுகிற காந்தத்தை நகர்த்தி, நாலு மணி நேரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். இன்று காலை ஆராதனைக்கு அக்கா வந்தார், இரண்டு வரி பாடினார், குரல் உடைந்துவிட்டது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பழக்கத்தில் இடதுபக்கம் சாய்த்துப் பிடித்திருந்தேன். அங்கே நீ இல்லை. வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 15 அன்று போனில் நீ, "அப்பா, கொஞ்ச நேரம் வைக்காம இருங்களேன்" என்றாய். விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லப்பா என்றாய். வைத்துவிட்டேன். வாரம் ஒரு போன், நேரம் தவறாமல். யாராவது கேட்டிருந்தால் இதிலும் குறை இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். காதை மூடாமல் பனியில் போகாதே, அம்மாவுக்கு எதிர்த்துப் பேசாதே, அது என்னிடமிருந்து வந்த குணம், அங்கேயே நிறுத்து. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இனி நான் செய்யப்போவது:

1. நாளை முதல் என் பொறுப்பில் உள்ள மற்ற பதினேழு லிஃப்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து ஏறி இறங்கிப் பார்ப்பது. அக்காவின் பழைய நாற்காலியை இரவல் கேட்டாயிற்று.

2. பட்டப்பெயருக்காகத் தையல்கார அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பது. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது, சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

3. சனிக்கிழமை ஏழு மணிக்குப் போன். விஷயம் வேண்டியதில்லை. உனக்குப் பேசப் பிடிக்காவிட்டால் அம்மா போனை உன் மேசைமேல் வைக்கட்டும், நீ பென்சில் சீவுகிற சத்தம் கேட்டால் போதும். நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

உன் அப்பா