செஞ்சு வச்ச ஆள்

1962 ஜூலை 8, ஞாயிறு

மேற்கிலிருந்து ஓயாத கச்சான் காற்று. சோற்றில் மணல், தலையில் மணல், இப்போது கிராமபோன் மோட்டாரிலும் மணல். மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் மறுபடி கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். மதினி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழமையும் இந்த நாத்தமா?"

வாசல் நிறைய அவள் காயப்போட்ட சூடைக் கருவாடு. அது மட்டும் மல்லிகைப்பூ.

இதுவரை ஆனது: உடம்பு, மண்ணெண்ணெய் டின். தலை, பிஸ்கட் டின். கை, உடைந்த குடைக்கம்பி. கண், டார்ச் பல்பு இரண்டு. உயிர், ராமநாதபுரம் பழைய சாமான் கடையில் தூசியோடு கிடந்த கிராமபோனின் மோட்டார். சாவி கொடுத்தால் சுற்றுகிறது. ஆகாதது: கால்.

பத்திரிகைப் படத்தில் பார்த்த வெளிநாட்டு யந்திர மனிதன் சிகரெட் பிடிக்கிறான். என்னுடையவன் பிடிக்க வேண்டாம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தால் போதும். படத்தைப் பள்ளியில் காட்டியபோது ஹெட்மாஸ்டர் சொன்னது: "கல்யாணம் ஆகியிருந்தா இந்த மாதிரி யோசனையெல்லாம் வராது டீச்சர்." அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எந்த யோசனையும் வந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 10, செவ்வாய்

சனியன். சாவி கொடுத்துவிட்டதும் குப்புற விழுகிறது. நிமிர்த்தினால் மல்லாக்க. பல்பு ஒன்று போய்விட்டது.

தலை கனம் என்று நினைத்தேன். தலை இல்லை, கால்தான் கனம் போதவில்லை. பாதத்துக்குள் ஈயக் குண்டு வைக்க வேண்டும். வலையில் கட்டுகிற குண்டு, அண்ணன் பெட்டியில் நிறையக் கிடக்கிறது. கேட்டால் கொடுக்க மாட்டான். கேட்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. மனிதன் மாதிரி காலைத் தூக்கி வைக்கச் சொன்னால் இது காலமெல்லாம் விழும். தூக்கவே வேண்டாம், தேய்த்து நடக்கட்டும். பாதத்துக்கு அடியில் காலி நூல்கட்டை, சக்கரத்துக்குப் பதில். சக்கரம் பின்னால் உருளாதபடி ஒரு தகரத் துண்டு தடுக்கும். ஒரு கால் நிற்கும், மற்றது முன்னே வழுக்கும். பிறகு இது நிற்கும், அது வழுக்கும்.

நூல்கட்டை மதினியின் தையல் டப்பாவிலிருந்து. "காலிக் கட்டையைக்கூட விட்டுவைக்க மாட்டியா?" என்று மத்தியானம் முழுக்க ஒப்பாரி. அண்ணன் நாலாவது தடவையாக வெறும் வள்ளத்தோடு வந்து படுத்திருக்கிறான். மீன்பாடு இல்லை. அந்தக் கோபமும் நூல்கட்டை மேல்தான்.

ஜூலை 12, வியாழன்

நடந்துவிட்டான்!!

சுவரிலிருந்து சுவர் வரை. கர், கர் என்று, கண் எரிய, ஒரு கையை ஆட்டிக்கொண்டு. போய்ச் சுவரில் முட்டி அங்கேயே நின்று நடந்துகொண்டிருந்தான். கை தட்டினேன். குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். இந்த வீட்டில் நான் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்றோ.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு சூசையம்மாள் வேலி மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், தனியா சிரிக்கிறிய?"

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆள் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்க்கா. இப்பத்தான் உசுரு வந்துச்சு!"

சூசையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். தண்ணீர்க் குடத்தை வேலியோரமே போட்டுவிட்டுப் போய்விட்டாள். என்ன அவசரமோ.

ஜூலை 13, வெள்ளி

என்ன அவசரம் என்று தெரிந்தது.

கிணற்றடிக்குப் போனேன். இரைந்துகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் கப்சிப். என் வாளி பட்ட இடத்திலிருந்து குடங்களைத் தள்ளி வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் கேட்டது:

"கூடப்பொறந்தவன் வள்ளத்துக்கே செஞ்சு வச்சிருக்காளாம்."

"தகரத்துல பொம்மையாம். உள்ள ஆணி ஆணியா அடிச்சிருக்காம்."

"அதான் பாடே இல்ல."

முட்டாள் நான். இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஊர் வாயில் "செஞ்சு வச்சிருக்கேன்" என்றால் சூனியம் ஒன்றுதான் என்பது அந்த நேரம் தோன்றவில்லையே. ஆள் செய்தேன், வைத்தேன், உயிர் வந்தது. மூன்றையும் ஒரே மூச்சில் நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்தால் மதினி முற்றத்தில் காத்திருந்தாள்.

"எங்க வவுத்துல அடிக்கவா எங்க வீட்டுச் சோத்தைத் தின்ன?"

"மதினி, வலையில நான் நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு. மீனு என்ன, அதுக்குள்ள உக்காந்து செபமா சொல்லும்?"

அண்ணனுக்குக் கேட்கத்தான் சொன்னேன். கேட்டது. எழுந்து வரவில்லை. வலையையும் தைக்கவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் மதினி பங்குச் சாமியாரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். பின்னால் பாதித் தெரு.

சாமியார் நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. "நடக்கச் சொல்லம்மா, பாப்போம்" என்றார். சாவி கொடுத்தேன். நேராக அவர் காலடிக்கே போய் முட்டினான். பொம்பளைகள் அலறினார்கள். சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடிகாரம் மாதிரிதாம்மா இது. பிசாசுமில்ல, பேயுமில்ல" என்று எல்லாருக்கும் சொன்னார். அத்தோடு போயிருக்கலாம்.

"ஆனாலும் இவங்க மனசு ஆறட்டும்" என்று தீர்த்தம் தெளித்தார். தெளித்தாரா, ஊற்றினாரா? கழுத்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. மந்திரித்த தண்ணீரிலும் இரும்பு துருப்பிடிக்கும். மத்தியானம் முழுக்கத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

தெருவில் இப்போது புதுப் பேச்சு. "சும்மா பொம்மைன்னா சாமியார் எதுக்கு மந்திரிக்கணும்?" இவர்களுக்குப் பதில் சொல்ல என் வாய் இரும்பால் செய்ததில்லை.

ஜூலை 17, செவ்வாய்

இன்றைக்கும் பாடு இல்லை.

சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது இங்கன இருக்கக் கூடாது."

"பொம்மைண்ணே அது. சாமியாரே சொல்லிட்டாரு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? என்கூட வள்ளத்துல ஏற ஆளு வர மாட்டேங்குறான். அது போகணும். இல்லாட்டி நீயும் அதோட கெளம்பு."

எங்கே கிளம்ப? தங்கச்சிமடத்தில் தனியாக இருக்கிற பொம்பளைக்கு எவன் வீடு விடுவான்? அதுவும் வள்ளத்துக்குச் செய்வினை வைத்தவளுக்கு. அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். சூனியம் என்று நம்பிச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். பாய் போட்டு மூடினேன். யோசிக்க வேண்டும்.

ஜூலை 18, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கட்டிலுக்கு அடியில் பாய் மட்டும்.

அண்ணன் வடகடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தானாம். கல் கட்டி. சூசையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாருக்கோ விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயைத் துணியால் கட்டினார்களாம், திரும்பிப் பார்க்காமல் வள்ளத்தைத் திருப்பினார்களாம். பிஸ்கட் டின்னுக்கு ஏது வாய்? நான் வாயே வைக்கவில்லை.

அழுதேன். இரண்டு பேரிடமும் பேசவில்லை. நாசமாய்ப் போகட்டும்.

ஜூலை 19, வியாழன்

காற்று அடங்கியது. கடல் தகடாகக் கிடக்கிறது.

வள்ளம் நிறையச் சீலா மீன்.

ஆமாம். இன்றைக்குத்தான். காற்று அடங்கினால் மீன் வரும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும், இந்தத் தெருவுக்கு மட்டும் தெரியாது. எல்லா வள்ளத்துக்கும்தான் பாடு. அதை எவரும் பேசவில்லை. "பாத்தியா, போட்ட மறுநாளே!" வாசலில் நின்று மதினி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் செத்தாலும் இந்தப் பெயர் போகாது.

சீலா குழம்பு. நான் சாப்பிடவில்லை. வாசனை தாங்க முடியாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 21, சனி

அண்ணன் உண்ட மயக்கத்தில் குறட்டை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மதினி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் கிண்ணம், பொரித்த சீலா, நடுத்துண்டு. இந்த வீட்டில் நடுத்துண்டு எனக்கு வந்ததே கிடையாது.

"சாப்புடு."

"என்ன விசயம் மதினி?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "மேலத்தெரு செபஸ்தி இருக்கான்ல, புதுசா இஞ்சின் வச்ச போட்டு வாங்கினானே. அவன் பவுசு தாங்க முடியல. போட்டை விட்டு நம்ம வலையை வேணும்னே அறுத்துட்டுப் போறான்."

"சரி."

"அவனுக்கு ஒண்ணு செஞ்சு வைக்கிறியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

"மதினி, அது சூனியம் இல்ல. வெறும் பொம்மை. ஸ்பிரிங்குல ஓடும். சத்தியமா."

"ஆமா ஆமா." கண்ணைச் சிமிட்டினாள். "யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு."

"நான் உண்மையைத்தான் சொல்றேன்."

"நானும் அதத்தான் சொல்றேன். எங்கிட்டயே எவ்வளவு நெஞ்சழுத்தமா சொல்ற பாரு. பெரிய ஆளுதான் நீ."

என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை. முதல் தடவையாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கிண்ணத்தோடு முகத்தில் வீசியிருப்பேன். வீசவில்லை. மீனைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

"மோட்டார் கடல்ல போச்சே மதினி. எதை வச்சுச் செய்ய?"

யோசித்தாள். கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த சுவர்க் கடிகாரம், மற்றவர் கை பட்டாலே கத்துவாள்.

"அது ஆகுமா?"

"ஆகும்."

தானே முக்காலி போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தாள். அண்ணனிடம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறாளாம். போகும்போது கதவிடுக்கில் தலையை நீட்டி, "நல்லா வெளிச்சமா உக்காந்து செய்யி. கண்ணு கெட்டுரப் போகுது" என்றாள்.

நான் திரும்பத் திரும்ப உண்மையைத்தான் சொன்னேன். இந்தப் புதியவனை இனி எவரும் கடலில் போட மாட்டார்கள், மதினியே காவல்.

கடிகாரத்தைக் கழற்றியாகிவிட்டது. ஸ்பிரிங் அருமை, கிராமபோனுடையதைவிட நீளம். கால் இன்னும் கொஞ்சம் அகலமாக வைக்க வேண்டும். ஈயக் குண்டு மதினியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.