எந்த மல்லி என்று கேட்காமல்

என் செல்ல மல்லி அக்காவுக்கு,

அன்றைக்கு அப்பாவிடம் ஒன்றை நான் கேட்கவில்லை. எந்த மல்லி?

அப்பாவின் பாளையம்பட்டிக் கடைக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்றது. திருச்சுழிப் பக்கத்துக் கொத்தமல்லி மூட்டைகளை அப்பா படம் பிடித்து வியாபாரிகளுக்கு அனுப்புவாரே, அந்தப் படங்களெல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டன. "மல்லி படத்தையெல்லாம் அழிச்சுரு தாயி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதுதான் உறுத்தியது. வீட்டில் உன்னையும் மல்லி என்றுதானே கூப்பிட்டோம்?

நீ இறந்துபோன பிறகு நான் ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டப் பழகிவருகிறேன். அப்படி ஓட்டுவதற்கான மென்பொருளின் பெயர் நோட் (Node). பிரவுசருக்குள் இருக்கும்வரை அந்த மொழி நம் கோப்புகளைத் தன்னிஷ்டத்துக்குத் தொட முடியாது. வெளியே வந்துவிட்டால் எந்த ஃபோல்டரையும் திறக்கும். அழி என்றால், நிச்சயமா என்றுகூடக் கேட்காது. அழித்தது குப்பைத் தொட்டியிலும் கிடக்காது. இவ்வளவு கீழ்ப்படிகிற எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

பெயரில் மல்லி என்று இருப்பதையெல்லாம் தேடச் சொல்லி அதில் நிரல் எழுதினேன். அழிக்கும் வரியை மட்டும் எழுதாமல், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தச் சொன்னேன். "தோசையையே திருப்பிப் பாத்துத்தான திம்ப நீ" என்று கேலி செய்திருப்பாய்.

திறந்து பார்த்தேன். மூட்டை, குவியல், முறம், மறுபடி மூட்டை. நடுவில் நீ, மஞ்சள் சுடிதாரில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதற்கப்புறம் வரிசையாக நீயேதான். எல்லாவற்றுக்கும் அப்பா வைத்த பெயர் மல்லி.

உன் படங்களும் அதில் இருப்பதை மறந்துபோய்ச் சொல்லியிருப்பாரோ? அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டையுந்தான் தாயி சொன்னேன். மல்லின்னு தேடுனா அவதான் மொதல்ல வந்து நிக்கிறா. போன்ல வியாபாரி காத்துக்கிட்டு இருக்காக, எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது."

கொத்தமல்லியை அழித்தேன். உன்னை என் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டேன். அழித்தாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

போன வாரம் ஷட்டரை இறக்கும்போது கேட்டார், "ஒண்ணுகூட மிஞ்சலையா தாயி?"

ஒன்றை மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, அதையும் அழித்துவிடச் சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன். யார் சொன்னாலும் உன்னை அழிக்க மாட்டேன், அக்கா.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்