எதிரி வரும்போது கேட்கும் இசை

அண்ணா,

அங்கே சாப்பாடு போடுகிறார்களா? உன் போனில் இருக்கும் புது கேமை நான்தான் விளையாடுகிறேன். நம் பழைய டிவி கேமில் ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். அம்மாகூட அதை முணுமுணுத்துக்கொண்டே சமைப்பாள். இதில் எதிரி நெருங்கினால் இசை அடங்கி, பிறகு திடுமென அதிர்கிறது. உடனே அம்மா வாசலுக்கு ஓடி, "இன்னாடி, ஜீப்பு வந்துக்கினு இருக்குதா?" என்கிறாள். போலீஸ் உன்னைக் கூட்டிப்போனதிலிருந்து இப்படித்தான். அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

இடஒதுக்கீட்டு மறியலில் கச்சிராயபாளையம் பஸ்ஸின் கண்ணாடி உடைந்தபோது நீ வீட்டில் என்னோடு விளையாடிக்கொண்டிருந்ததை நான்தான் கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம். பள்ளியை விட்டபின் வெளியாட்களிடம் நான் பேசியதே இல்லை.

நேற்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "கேக்கலடி, இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன்.

உன் தங்கை